மாடி ஏறிய பெயர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. சென்னையில் பத்திரிகை நடத்தும் என் பழைய நண்பர் ஒருவர் தொழில்நுட்ப இணைப்புக்கு எண்ணூறு சொல்லில் ஒரு கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘வீட்டில் வேறு மாடியில் இருக்கும் கணினிக்குக் கம்பியில்லா அடாப்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?’ கூடவே, “உங்க ஊர்ல மாடியெல்லாம் இருக்குமில்ல?” என்று ஒரு கேள்வி. இருக்கிறது ஐயா. பத்தொன்பது வருஷமாகப் பிஷ்கெக்குக்குக் கிழக்கே, பலிக்சி என்ற ஏரி ஊரில் குப்பை கொட்டுகிறேன். ஏரிக்கரையில் பாதி வீடுகளுக்கு மாடி உண்டு. என் வீட்டுக்கும் உண்டு.

சரி, கட்டுரைக்கும் ஆயிற்று, என் மாடிக் கணினிக்கும் ஆயிற்று என்று சந்தைக்குப் போனேன். கடையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கடைக்கார அம்மாவிடம் ஏதோ சாமான் கேட்கிறாள். ஆனால் ஒரு சொல் வரவேண்டிய இடத்தில் வாய் நின்றுவிடுகிறது. உடனே கையைக் காற்றில் வளைத்து வளைத்துக் காட்டுகிறாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியில் எதையோ வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு.

வீட்டுக்கு வந்து கட்டுரையைத் தொடங்கினேன்.

முதல் ஆரம்பம்: “இன்றைய நவீன உலகில் இணையம் என்பது இன்றியமையாத—”

(அடித்துவிட்டேன். ‘இன்றைய நவீன உலகில்’ என்று ஆரம்பிக்கிறவனை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாம் ஆரம்பம்: “ஜிபாரா மாடிப்படியில் உட்கார்ந்து விம்மி விம்மி—”

(எதற்கு விம்ம வேண்டும்? சாமான் வாங்க வந்தவள் நல்ல தெம்பாகத்தான் இருந்தாள். பெண் என்றால் முதல் வரியிலேயே அழவைத்துவிடும் கெட்ட பழக்கம் எழுதுகிற எங்கள் இனத்துக்கே உண்டு.)

மூன்றாம் ஆரம்பம்: “அந்த வீட்டில் இணையத்துக்கு மாமனார் பெயர்.”

இது இருக்கட்டும்.

2

அந்த வீட்டில் இணையத்துக்கு மாமனார் பெயர். அதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இணையப் பெட்டியை மாட்ட வந்தவன், “பேர் என்ன போடட்டும்?” என்று கேட்டான். யாராவது பேர் கேட்டால் மனிதன் என்ன சொல்வான்? ஏரியில் ஓடிய கப்பல்களில் இயந்திரம் பார்த்து ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர், “தொல்குன்பெக்” என்று தன் பெயரைச் சொன்னார். “கடவுச்சொல்?” என்று கேட்டான். “நான் ஒரே ஆள்தானப்பா, எனக்கு எத்தனை பேர் இருக்கும்? அதையே போடு” என்றார். போட்டுவிட்டுப் போய்விட்டான்.

மருமகள் ஜிபாரா வாய்விட்டு அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. மாமனார் பெயரை மருமகள் சொல்வது இங்கே வழக்கமில்லை. பெயர் மட்டும் என்றால் பரவாயில்லை. பெயருக்குள் ஒளிந்திருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. இப்போதெல்லாம் பல வீடுகளில் அவ்வளவு பார்ப்பதில்லை. இந்த வீட்டில் பார்ப்பார்கள். பார்ப்பவர் மாமியார் உமுத்.

தொல்குன் என்றால் அலை.

ஏரிக்கரை ஊர். சன்னலைத் திறந்தால் ஏரி. வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷமும் அவள், “இன்னைக்குத் தண்ணி துள்ளுது”, “ஏரி முறுக்கிக்கிட்டு நிக்குது” என்றே சமாளித்துக்கொண்டிருக்கிறாள்.

(ஏதோ அதிசயத்தைக் கேட்பதுபோல் கண்ணை விரிக்காதீர்கள். வாக்காளர் பட்டியலுக்கு வந்தவர் வீட்டுக்காரர் பேரைக் கேட்டால், “நீயே சொல்லேன்டி” என்று பக்கத்து வீட்டுக்காரியின் விலாவில் இடித்த பெண்களை நம்மூரில் நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.)

இப்போது என் பாட்டைக் கேளுங்கள். இவள் என் கதையில் தமிழ் பேச வேண்டும். தமிழோ இவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் காட்டாத மொழி. அலைபேசி என்று சொல்ல முடியாது. அலைவரிசை முடியாது. ‘ரொம்ப அலைச்சல்’ என்று அலுத்துக்கொள்ளக்கூட முடியாது. கல்யாணத்துக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்தது ஒரு நுண்ணலை அடுப்பு. பாருங்கள், நடுவில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார்! இந்த ஊர் மொழியிலும் அந்த அடுப்பின் பெயருக்கு நடுவில் அவரேதான். தப்பிக்க வழியே இல்லை. அதனால் வீட்டில் அதற்குச் ‘சூடாக்குற பெட்டி’ என்று பெயர்.

அவளை ஒட்டி நடக்கிறவன் அவளுக்கு இல்லாத சலுகையை எடுத்துக்கொள்வது நியாயமில்லை. ஆகவே இந்த வரியிலிருந்து, அவள் சொல்லும்வரை, அந்த மூன்றெழுத்துச் சொல்லை நானும் சொல்வதில்லை. (அது இரண்டெழுத்து. வாக்குக் கொடுக்கும்போதே எனக்குப் பதற்றம் வந்துவிட்டது, மன்னியுங்கள்.)

3

முதல் பிரதியில் ஜிபாராவுக்குக் கணக்கெழுதும் வேலை ஒன்றைக் கொடுத்தேன். அந்த வேலையில் சொல்ல முடியாத சொல் எதுவுமே வரவில்லை. கதை குறட்டை விட்டது. இரண்டாம் பிரதியில்தான் அவள் குரல் எனக்குக் கேட்டது.

கல்யாணத்துக்கு முன் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் பிறந்தநாள் வாழ்த்து வாசித்தவள். நல்ல குரல். கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்த, தெளிவான குரல். மூன்று வருஷமாக அந்தக் குரல் ‘டீ ஊத்தவா’, ‘இன்னும் கொஞ்சம் வைக்கவா’ என்ற இரண்டு வாக்கியத்தில் அடங்கிக் கிடந்தது. வீட்டில் அவளுக்குப் பெயரும் கிடையாது. மாமனாரும் மாமியாரும் ‘மருமவளே’ என்பார்கள். கணவன் மிர்லான் ‘இந்தா’ என்பான். ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே வாழ்த்துச் செய்தி ஒன்றை வாசித்துப் பார்த்தாள். பாதியில் குரல் உடைந்து கரகரத்தது. அவளுக்குப் பயமாகிவிட்டது. இப்படியே போனால் இது செத்துப்போகும் என்று நினைத்தாள்.

அந்த வாரம்தான் படகுக்காரர் சங்கத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. காலையும் மாலையும் ஏரி நிலவரத்தை வீட்டிலிருந்தே வாசிக்க ஒரு குரல் வேண்டும். வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சோதனை. கைப்பேசி கூடாது, நல்ல இணைப்புள்ள கணினி வேண்டும்.

(வேலை ரொம்பப் பொருத்தமாக அமைந்துவிட்டதே என்று முகம் சுளிக்கிறீர்கள். தெரிகிறது. ஏரி ஊரில் ஒரு குரலுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? நீங்களே சொல்லுங்கள்.)

கணினி மாடியில், அவர்கள் படுக்கையறையில். இணையப் பெட்டி கீழே கூடத்தில், கண்ணாடி அலமாரியின் மேல், மாமனாரின் பதக்கங்களுக்குப் பக்கத்தில், பூவேலை செய்த துணி விரித்து. கணினியைக் கீழே இறக்கலாம்தான். ஆனால் கூடத்தில் பெரும்பாலும் அவர் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்துக்கு நேரே, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, அவருடைய உயரம் இன்று எத்தனை மீட்டர் என்று வாசிப்பதா? நினைக்கும்போதே ஜிபாராவுக்குக் காது சூடாகியது.

மதியச் சாப்பாட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

“அபா, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் மாடிப்படிப் பக்கமா நகத்தி வச்சா என்ன?”

(இங்கே ‘அபா’ என்றால் அம்மா. ‘அதா’ என்றால் அப்பா. மாமியார் மாமனாருக்கும் அதேதான். இதில் வழுக்கி விழுந்து ஒரு கல்யாண வீட்டில் நான் பட்ட பாடு இந்தக் கதையில் வராது.)

“எந்தப் பெட்டி?” என்றார் உமுத். “நீ வந்ததுலேர்ந்து இந்த வீட்ல எல்லாமே பெட்டியா இருக்கு. குளிர்ற பெட்டி, பேசுற பெட்டி, சூடாக்குற பெட்டி. எனக்கே தலை சுத்துது.”

“விளக்கு மினுக்குற பெட்டி அபா. இணையம்.”

பதில் மாமனாரிடமிருந்து வந்தது. அவர் ரொட்டியைப் பிட்டு எல்லார் பக்கமும் வைத்துக்கொண்டிருந்தார். “நல்ல சாமான் கூடத்துலதான் இருக்கணும் மருமவளே. நாளைக்கு நாலு பேர் வந்து இணையம் எங்கன்னு கேட்டா, படிக்கட்டுல கெடக்குன்னா சொல்றது?”

“இல்ல அதா.”

“மாடித் தரையில ஓட்டை போட்டுக் கம்பி இழுக்கலாமேன்னு இவன் சொன்னான். போன வருஷம்தான் கூடத்து உட்கூரைக்கு வெள்ளையடிச்சிருக்கேன். ஓட்டை போட்டவன் கையில ஓட்டை போட்டுருவேன்.”

‘இவன்’ என்பது மிர்லான். பிஷ்கெக்குக்குச் சிற்றுந்து ஓட்டுகிறவன். “அதாகிட்ட நான் பேசுறேன்” என்று திங்கட்கிழமை சொன்னான். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னான். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கதையில் இவனுக்கு என்ன வேலை? தூக்கிவிடலாம் என்றிருந்தேன். அப்புறம் ஐந்தாம் பகுதியில் அவனுடைய கைப்பேசி தேவைப்பட்டது. அதனால் பிழைத்தான்.

4

செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஜிபாரா கடை கடையாக அ—

(நிறுத்து! வாக்கு, வாக்கு.)

ஜிபாரா இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டு மூன்றாவதாகச் சாயிரா கடைக்கு வந்தாள். சாயிராவுக்கு ஐம்பது வயதிருக்கும், ‘எஜே’ (அக்கா) என்று கூப்பிடுகிற வயது. கழுத்தில் கண்ணாடி, தலைக்கு மேல் பழக்கடையில் வாழைத்தார் தொங்குவதுபோல் கொத்துக் கொத்தாகக் கம்பிகள்.

“என்னம்மா வேணும்?”

“எஜே, கணினி மாடியில. இணையம் கீழ. நடுவுல கம்பி இழுக்க விட மாட்டேங்குறாங்க. காத்துல வருமே, அதப் பிடிக்கிற சாமான் வேணும். இப்படி இப்படி வருமே…” கையை வளைத்தாள்.

“பாம்பா?”

“இல்ல எஜே. ஏரியில வருமே.”

“மீனா?”

“மேல போகும், கீழ வரும், மறுபடி மேல போகும்…”

“என் மருமகன் வண்டியா?”

ஜிபாராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். இணையத்தின் பெயர் அதில் இரண்டு விதமாகத் தெரிந்தது. சாயிரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சந்தைக்கே கேட்கும்படி வாசித்தார். “தொல்குன்பெக். அதுக்குக் கீழ, தொல்குன்பெக் அஞ்சு.” ஜிபாரா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

“யாரு, மாமனாரா?”

தலையாட்டினாள்.

சாயிரா சிரித்த சிரிப்பில் தலைக்கு மேல் கம்பிகள் ஆடின. “அட என் கண்ணே! முன்னாடியே சொல்லக் கூடாதா? எனக்கும் ஒருத்தர் இருந்தாரே. அவர் பேரு… துருப்பிடிக்குமே, காந்தம் போய் ஒட்டிக்குமே, அது.”

“இரும்பா?”

“நீ தாராளமாச் சொல்லு. எனக்கு இருபத்தாறு வருஷமா வாயில வராது. அவர் போய்ச் சேர்ந்தே ஒம்பது வருஷம் ஆச்சு. பக்கத்துக் கடை என்ன கடைன்னு பாத்தியா? கதவும் கம்பியும் செய்யிற கடை. எந்தக் கடைக்குப் பக்கத்துலன்னு போன்ல கேக்குறவங்களுக்கு இன்னிக்கி வரைக்கும் என்னால அடையாளம் சொல்ல முடியல.”

இரண்டு பெண்களும் சிரித்து முடிக்க நேரமாயிற்று. (ஒரு பெண்ணுக்குப் பின்னால் பொறுமை போய் நின்றேன் என்று சொன்னேனே, அது இங்கேதான்.) அப்புறம் சாயிரா தொழிலுக்கு வந்தார்.

“மாடித் தரை என்ன போட்டிருக்கு?”

“கான்கிரீட்டுப் பலகை எஜே.”

“அப்ப அதுக்குள்ள அது இருக்கும்.”

“எது?”

“அதான்மா, என் மாமனார்.”

“ஆமா எஜே. உங்க மாமனார் நிறையவே இருப்பாரு.”

“அப்ப உன் மாமனார் என் மாமனாரைத் தாண்டித்தான் மேல வரணும். லேசுப்பட்ட காரியமில்ல.” சாயிரா மூன்று பெட்டிகளை மேசைமேல் வைத்தார். முதலாவது கட்டைவிரல் நகத்தளவு. “இது அழகா இருக்கும். கூடத்துல உக்காந்துக்கிட்டுக் கூடத்துலயே பாக்குறவங்களுக்குச் சரி. மாடிக்கு எட்டாது.” இரண்டாவதற்கு நாலு கொம்பு. “இதப் படத்தப் பாத்தே அள்ளிட்டுப் போறாங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த நாலுல ரெண்டு சும்மா வேஷம்.” மூன்றாவதற்கு ஒரே கொம்பு, சாண் நீளம். அதோடு ஒன்றரை மீட்டர் கம்பியும் ஒரு சின்னப் பீடமும்.

“இத எடுத்துக்கோ. கணினிக்குப் பின்னாடி நேராச் செருகிடாதே. கணினியோட வெளிக்கூடே என் மாமனார்தான், மறைச்சுக்கிட்டு நிப்பாரு. கம்பியைப் போட்டு உயரத்துல கொண்டு வை. அப்புறம் இன்னொண்ணு. அஞ்சுன்னு போட்டிருக்கே, அந்த மாமனார் ரொம்ப வேகமா ஓடுவாரு. ஆனா கான்கிரீட்டக் கண்டா அங்கயே மயக்கம் போட்டுருவாரு. அஞ்சு இல்லாத மாமனார் மெதுவாத்தான் வருவாரு. ஆனா எப்படியாவது மாடி ஏறிருவாரு. நீ அவரப் பிடிச்சுக்கோ.”

“சரி எஜே.”

“ஒரே ஒரு சங்கடம். மெதுவா வர்றவருக்கும் சோறு சூடாக்குற பெட்டிக்கும் ஆகாது. ரெண்டும் ஒரே தடத்துல போறவங்க. அது ஓடுறப்ப இவரு திண்டாடிப் போவாரு. ஞாபகம் வச்சுக்கோ. பேரென்ன உனக்கு?”

“ஜிபாரா.”

“நல்ல பேரு ஜிபாரா. போய் ஜெயிச்சுட்டு வா.”

தன் பெயர் வெளியே ஒருவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அந்தப் பூரிப்பில், அதற்கு முன் கேட்ட எச்சரிக்கை பாதி மறந்தே போயிற்று.

(ஆசிரியர் அவர்களுக்கு: நீங்கள் கேட்ட கட்டுரை முழுவதும் மேலே வந்துவிட்டது. இதற்குப் பிறகு வருவதெல்லாம் வம்பு. வேண்டுமானால் இங்கேயே வெட்டிக்கொள்ளலாம்.)

(ஆசிரியர் பதில்: “எது நல்லதுன்னு கடைசியில பட்டியல் போடலையே?” மூன்று மாமனார்களை எந்தப் பட்டியலில் போடுவது ஐயா?)

5

சாமான் வாங்குவது சின்ன வேலை. அதை வேலை செய்யவைப்பதுதான் பெரும்பாடு. அடாப்டரைக் கணினிக்கு அறிமுகப்படுத்தி வைக்க ஒரு வட்டத் தகடு கொடுத்திருந்தார்கள். கணினியில் தகடு போடும் வாயே இல்லை. கூடவே ஒரு துண்டுத்தாள்: தகடு இல்லாதவர்கள் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளவும். இணையம் வருவதற்குத்தானே ஐயா இது! இந்த வாசகத்தை எழுதியவன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும், ஆனால் மாடியில் இருக்கட்டும்.

இங்கேதான் மிர்லானுக்கு வாழ்வு வந்தது. புதன்கிழமை மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, தன் கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு சேர்த்துக் கொடுத்தான். தேவையானது இறங்கியது. “பாத்தியா, நான் பேசுறேன்னு சொன்னேன்ல” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான். யாரிடம் பேசினான் என்று நான் கேட்கவில்லை.

ஜிபாரா கொம்பை ஒரு நாடாவால் திரைச்சீலைக் கழியில் கட்டினாள். திரையில் பெயர் வந்தது. அதன் பக்கத்தில் நாலு கோட்டில் மூன்று கோடு. இப்போது கடவுச்சொல் கேட்டது. விரல் விசைமேல் நின்றது.

சந்தேகம் வந்துவிட்டது. சொல்லக் கூடாது, சரி. தட்டச்சு அடிக்கலாமா? இதுபற்றி யாரும் எதுவும் வகுத்து வைக்கவில்லை. கைப்பேசியில் இதுநாள்வரை மிர்லான்தான் போட்டுக்கொடுத்திருந்தான். திரும்பிப் பார்த்தாள். கதவருகில் உமுத், துவைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

“என்ன யோசனை?”

“அதா பேர அடிக்கணும் அபா.”

உமுத் துணியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தார். அவரும் ஒரு காலத்தில் மருமகளாக இருந்தவர். இதையெல்லாம் அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

“அடி,” என்றார் கடைசியில். “விரலுக்கு நாக்கு கெடையாது.”

அடித்தாள். இணைந்தது. தொல்குன்பெக் மாடிக்கு வந்து சேர்ந்தார்.

6

வியாழன், மூன்று மணி. ஜிபாரா தலையை வாரி, நல்ல மேல்சட்டை போட்டு, சங்கம் அனுப்பியிருந்த ஏரி நிலவரத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அந்தத் தாளை வாசித்துப் பழகியிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்ல மாற்றுச் சொல்லும் வைத்திருந்தாள். எதிரே திரையில் செய்னெப், சங்கத்தின் பிஷ்கெக் அலுவலகத்துக்காரி, குட்டை முடி, அவசரக்காரி.

“ஜிபாரா, தெளிவா கேக்குது. வாசிங்க.”

“படகுக்காரர்களுக்கு வணக்கம். இன்று மாலை ஏரியில் மேற்குக் காற்று வீசும். தண்ணீர் எழுச்சி ஒரு மீட்டர்—”

“நிறுத்துங்க. குரல் பிரமாதம். ஆனா எழுச்சின்னா என்ன? ஏரி போராட்டம் பண்ணுதா? தாள்ல வேற சொல்லு இருக்கே.”

“அது… வீட்ல…”

செய்னெப் கண்ணைச் சுருக்கித் திரையை நெருங்கினாள். “மாமனாரா?”

“ஆமா.”

“புரியுது. நானும் கல்யாணம் ஆனவதான். ஆனா படகை அவுத்துக் கையில வச்சிருக்கிறவன் விடுகதைக்கு விடை தேடிக்கிட்டு நிக்க மாட்டான். இறங்கிருவான். அப்புறம் அவன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது? எழுதியிருக்கிறதச் சொல்லுங்க. முடியலன்னா இப்பவே சொல்லிருங்க, வரிசையில இன்னும் ஏழு பேர் காத்துக்கிட்டிருக்காங்க.”

ஜிபாரா வாயைத் திறந்தாள். அதே நேரம் செய்னெப்பின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. “ஜி… ரெண்டு நிமி… இல்லன்னா அடுத்…”

கீழேயிருந்து உம்மென்று ஒரு சத்தம். பின்னாலேயே ஆட்டிறைச்சி சூப்பின் வாசனை. மாமனார் ஏரிக்கரையிலிருந்து தாமதமாக வந்திருக்கிறார். மாமியார் சூடாக்குகிறார். சாயிரா சொன்னது அப்போதுதான் முழுசாக நினைவு வந்தது. மாடிப்படியின் உச்சிக்கு ஓடினாள்.

“அபா! அந்தப் பெட்டிய நிறுத்துங்க!”

“என்ன? ரொட்டியா? மேசையில இருக்கு!”

“ரொட்டி இல்ல, பெட்டி! சூடாக்குற பெட்டி!”

“என்ன இழவு பெட்டியோ,” என்று முனகிக்கொண்டே உமுத் கூடத்துக்கு வந்து தொலைக்காட்சியை அணைத்தார். உம்மென்ற சத்தம் நிற்கவில்லை. “இதுவா?” மேலே பார்த்தபடி குளிர்சாதனப் பெட்டியைத் தட்டினார். “இல்லன்னா இதுவா?” இப்போது அவர் கை கண்ணாடி அலமாரிக்குப் போனது. பூவேலைத் துணிக்கு, விளக்கு மினுக்கும் பெட்டிக்கு, அதன் மின்செருகிக்கு. அதைப் பிடுங்கிவிட்டால் மறுபடி உயிர் வர ஐந்து நிமிஷமாகும். இருப்பதோ ஒன்றரை நிமிஷம். அலமாரிக்குக் கீழே நாற்காலியில் மாமனார், கையில் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். மூன்று நாள் தொடவில்லை.

முடிவு அ: அந்த நேரம் பார்த்து மிர்லான் உள்ளே நுழைந்து— (போடா வெளியே.)

முடிவு ஆ: ஜிபாரா பதின்மூன்று படியையும் ஓடி இறங்கி, தானே அணைத்துவிட்டு— (செய்யலாம். சுலபம். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். ஆனால் ஓடிப்போய் அணைத்தால் அந்த அடுப்பு மட்டும்தான் அணையும். மேலே திரும்பி வந்து தாளைக் கையில் எடுத்ததும் வாய் அதே இடத்தில் நின்றுவிடும். வரிசையில் ஏழு பேர்.)

முடிவு இ-யை நான் எழுதவில்லை. அவளே எழுதிக்கொண்டாள்.

“அபா, அத விடுங்க! அடுப்பு! நுண்ணலை அடுப்பு! அலை! நுண்ணலை அடுப்ப நிறுத்துங்க!”

வானொலிக் குரல். மூன்று வருஷம் பூட்டி வைத்திருந்த குரல். வீடு முழுக்கப் போயிற்று. உமுத்தின் கை செருகியிலிருந்து தானாக விலகியது. அவர் சமையலறைக்குள் போனார். உம்மென்ற சத்தம் நின்றது. கரண்டி தட்டில் விழுந்த ஒலி மட்டும் கேட்டது.

ஜிபாரா அறைக்குத் திரும்பினாள். கணினி முன் உட்கார்ந்தாள். செய்னெப்பின் முகம் ஒன்றுசேர்ந்து வந்தது.

“ஜிபாரா? இருக்கீங்களா?”

“இருக்கேன்.” தாளைப் பார்க்காமலே வாசித்தாள். “இன்று மாலை ஏரியில் மேற்குக் காற்று வீசும். அலை உயரம் ஒரு மீட்டர். சிறு படகுகள் இறங்க வேண்டாம்.”

செய்னெப் நாற்காலியில் சாய்ந்தாள். “இப்ப அவன் படகைக் கட்டிட்டு வீட்டுக்குப் போவான். திங்கக்கிழமையிலேர்ந்து வாசிங்க ஜிபாரா. காலையில ஏழு, சாயங்காலம் நாலு.”

7

திரை அணைந்த பிறகு படிக்கட்டில் சத்தம் கேட்டது. மாமனார் மாடி ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஒரு படி, ஒரு மூச்சு. இன்னொரு படி, இன்னொரு மூச்சு. ஜிபாரா எழுந்து நின்றுகொண்டாள். பதின்மூன்று படியும் எண்ணினாள். வேலை கிடைத்த சந்தோஷம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

தொல்குன்பெக் வாசலில் வந்து நின்றார். நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். திரைச்சீலைக் கழியில் நாடா போட்டுக் கட்டியிருந்த கொம்பைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். அப்புறம் இவளைப் பார்த்தார்.

“கீழ வரைக்கும் கேட்டுச்சு,” என்றார். “எல்லாமே தெளிவா கேட்டுச்சு.”

இதை என்ன முகத்தோடு சொன்னார் என்று நான் எழுதவில்லை. ஐந்து முகம் எழுதிப் பார்த்தேன். கோபமான முகத்தை எழுதினால் அந்தப் பதின்மூன்று படி இடித்தது. இத்தனை வலியை யாராவது கோபத்துக்காகப் படுவார்களா? படுவார்கள், எனக்குத் தெரியும், எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். சிரித்த முகத்தை எழுதினால் பொய்யாக இருந்தது. மற்ற மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

(ஆசிரியர் இன்று காலை கேட்டார்: “முடிவு எங்க?” முடிவு அவர் வாசகர்களிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.)

அடுத்து அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். அதன் முதல் சொல் மட்டும்தான் தெரியவில்லை. மூன்று வருஷமாக அவளை எதைச் சொல்லிக் கூப்பிட்டாரோ அதையே சொன்னாரா? அல்லது சற்று முன் கணினிக்குள்ளிருந்து ஒரு வேற்றுப் பெண் திரும்பத் திரும்பச் சொல்ல, கூரை வழியாக அவர் காதிலும் விழுந்ததே, அவளுடைய அந்தப் பெயரைச் சொன்னாரா? கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனாவை எடுக்காதீர்கள். உமுத் சொன்ன தீர்ப்பு உங்களுக்கும் பொருந்தும், விரலுக்கு நாக்கு கிடையாது. வாயைத் திறந்து, மாடிக்கும் கேட்கும்படி, நீங்களே சொல்லுங்கள்.

“…………, கீழ வா. சூப்பு ஆறுது.”